அந்த நொடிக்கு அப்புறம் என்ன? காலனியக் கால இலக்கியத்தில் நிறம் தாண்டிய மனிதம்

கேள்வி இதுதான்: காலனி ஆட்சிக் காலத்தில் எழுதப்பட்ட இலக்கியத்தில், நிறமும் இனமும் வேறானாலும் மனிதன் ஒன்றே என்ற உணர்வு நிஜமாகவே இருக்கிறதா? இல்லை, ஆட்சி செய்தவர்கள் தங்கள் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ள எழுதிய கருணைக் கதைகளுக்குத்தான் நாம் அப்படிப் பெயர் வைத்திருக்கிறோமா?

இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினால் அது பாதிப் பதில். அந்தக் காலத்து எழுத்தை வாசிக்கும்போது நான் ஒரு விஷயத்தை விடாமல் கவனிப்பேன். "இவனும் நம்மைப் போல ஒரு மனிதன்தான்" என்று ஒருவனுக்கு உறைக்கும் நொடி, அந்தக் காலத்து நல்ல எழுத்தாளர்கள் எல்லோரிடமும் எங்காவது வந்துவிடுகிறது. அந்த நொடியை எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது? அப்படி உறைத்தவன் எதையாவது விட்டுக்கொடுக்கிறானா, இல்லை மனம் நெகிழ்ந்துவிட்டு பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறானா? எழுத்தாளர் அதை மறைக்கிறாரா, நேராகக் காட்டுகிறாரா? ஒரு படைப்பின் தரத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

ஆரம்பத்திலிருந்தே இதைப் பார்க்கலாம். 1719-இல் வந்த டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' என்றதும் எல்லோருக்கும் தீவும் ஃப்ரைடேயும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் வரும் ஜூரி என்ற சிறுவனை மறந்துவிடுகிறோம். குரூசோவே மொராக்கோக் கரையில் அடிமையாக இருந்தவன். அங்கிருந்து ஒரு படகில் தப்பும்போது கூட வருபவன் இந்தச் சிறுவன். வழியில் தண்ணீர் எடுக்கக் கரையில் இறங்க வேண்டும். இறங்கினால் ஆபத்து. "காட்டு மனுஷங்க வந்தா என்னைத் தின்னட்டும், நீங்க தப்பிச்சுப் போயிடுங்க" என்கிற பொருளில் பையன் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்கிறான். குரூசோவின் நெஞ்சு உருகுகிறது. கொஞ்ச நாளில் ஒரு போர்த்துகீசியக் கப்பல் அவர்களைக் காப்பாற்றுகிறது. அந்தக் கப்பல் தலைவனுக்கு ஜூரியை அறுபது வெள்ளிக் காசுகளுக்கு விற்றுவிடுகிறான் குரூசோ. பையன் கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருடத்தில் விடுதலை என்று ஒரு நிபந்தனையும் உண்டு. பிறகு பிரேசிலில் தோட்டம் போட்டபோது ஜூரியை விட்டது தப்பு என்று அவனுக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பற்றவில்லை என்பதுதான் அந்த வருத்தத்தின் காரணம். தானே அடிமையாக இருந்தவன், விற்க முதலில் கொஞ்சம் தயங்கினாலும் கடைசியில் விற்றுவிட்டான். டீஃபோவும் இதில் நிறுத்தி நம்மை யோசிக்கச் சொல்லவில்லை. கதை நகர்ந்துவிடுகிறது.

கிப்ளிங்குக்கு வருவோம். "கிழக்கு கிழக்குதான், மேற்கு மேற்குதான், இரண்டும் ஒருபோதும் சந்திக்காது" என்ற அவருடைய வரியை எல்லோரும் சொல்வார்கள். 1889-இல் வந்த அந்தக் கதைப்பாடலில் அதே பத்தி, நேருக்கு நேர் இரண்டு பலசாலிகள் நின்றால் கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை, எல்லையும் இல்லை, குலமும் பிறப்பும் இல்லை என்று முடிகிறது. பாதி வரியை வைத்து அவரைத் திட்டுபவர்களுக்கு இந்த மீதியைக் காட்டி, "பாருங்கள், மனிதநேயம்" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இரண்டு தரப்பும் முழுப் பாடலையும் படிப்பதில்லை.

பாடலின் கதை இது. எல்லைப்புறத்துக் கொள்ளைத் தலைவன் கமால், ஆங்கிலேயக் கர்னலின் குதிரையைக் களவாடிக்கொண்டு போகிறான். கர்னலின் மகன் தனியாக விரட்டிப் போகிறான். அவன் குதிரை விழுந்துவிட, கமால் நினைத்தால் கொன்றிருக்கலாம், கொல்லவில்லை. இருவரும் ஒருவர் வீரத்தை ஒருவர் மதிக்கிறார்கள். குதிரை திரும்பக் கிடைக்கிறது, இளைஞன் தன் துப்பாக்கியைப் பரிசாகத் தருகிறான், இரத்த சகோதரர்கள் என்று சத்தியமும் ஆகிறது. படிக்கும்போது நிஜமாகவே சிலிர்க்கும். பதிலுக்குக் கமால் என்ன தருகிறான் என்று பாருங்கள். தன் ஒரே மகனை. அந்த மகன் இனி ராணியின் உப்பைத் தின்ன வேண்டும், ராணியின் பகைவர்கள் இனி அவனுக்கும் பகைவர்கள், எல்லையின் அமைதிக்காகத் தன் தகப்பனின் கோட்டையையே அவன் சூறையாட வேண்டும். "என்னைப் பெஷாவரில் தூக்கில் போடும்போது உனக்கு ரிசால்தார் பதவி கிடைக்கலாம்" என்று தகப்பனே சொல்கிறான். ஒருவன் கொடுத்தது துப்பாக்கி, இன்னொருவன் கொடுத்தது மகனையும் தன் கழுத்தையும். இந்தச் சமத்துவத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் விலை கொடுக்கிறது. போதாததற்கு, இது பலசாலிகளுக்கு மட்டும் உரிய சமத்துவம். பலமில்லாதவன் எங்கே நிற்பான் என்பதற்கு அந்தப் பாட்டில் இடமே இல்லை. பத்து வருடம் கழித்து, 1899-இல், அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்தபோது வெள்ளையன் சுமக்க வேண்டிய பாரத்தைப் பற்றிப் பாடியவரும் இவரேதான். எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது.

இப்போது ஆர்வெல். இந்தப் பொருளில் ஒருவரை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இவரைப் படியுங்கள் என்பேன். பிகாரில் மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் இம்பீரியல் போலீசில் வேலை பார்த்தவர். 1931-இல் வெளியான 'எ ஹாங்கிங்' சில பக்கங்கள்தான். ஒரு பர்மியச் சிறையில் மழைக்காலக் காலைப்பொழுது. ஓர் இந்துக் கைதியைத் தூக்கு மேடைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். மொட்டை அடித்த தலை, உடம்புக்குப் பொருந்தாத அடர்ந்த மீசை. அவன் என்ன குற்றம் செய்தான் என்று கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. இரண்டு தோளையும் வார்டர்கள் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வழியில் ஒரு சிறு குட்டை. கால் நனையாமலிருக்க அந்த மனிதன் லேசாக ஒதுங்கி நடக்கிறான். இன்னும் சில நிமிடத்தில் சாகப்போகிறவன்.

ஓர் ஆரோக்கியமான, நினைவுள்ள மனிதனை அழிப்பது என்றால் என்னவென்று அதுவரை தனக்குத் தெரிந்ததே இல்லை என்று எழுதுகிறார் ஆர்வெல். அவன் குடல் சாப்பாட்டைச் செரித்துக்கொண்டிருக்கிறது, நகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து நடக்கிற ஒரே கூட்டம், ஒரே உலகத்தைப் பார்க்கிறோம், கேட்கிறோம். இரண்டு நிமிடத்தில் எங்களில் ஒருவன் இருக்கமாட்டான் என்று அவருக்குத் தோன்றுகிறது. 'எங்களில் ஒருவன்' என்று ஒரு காலனிப் போலீஸ்காரன் கைதியைச் சொல்வது சாதாரணமில்லை.

வேறு யாராக இருந்தாலும் கட்டுரையை இங்கே முடித்திருப்பார்கள், பாடப்புத்தகத்தில் சேர்க்க அருமையாக இருந்திருக்கும். ஆர்வெல் மேலே போகிறார். கைதி "ராம், ராம், ராம்" என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து அவன் தொங்குகிறான். அப்புறம் எல்லோருக்கும் ஒரு விடுதலை உணர்வு. தலைமை ஜெயிலர் ஃபிரான்சிஸ், தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒரு திராவிடர் என்று ஆர்வெல் குறிப்பிடுகிறார், பழைய தூக்குக் கதைகளை எடுத்துவிடுகிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்த ஒருவனை ஆறு வார்டர்கள் காலைப் பிடித்து இழுத்த கதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆர்வெலும் சிரிக்கிறார். சூப்பரின்டெண்டென்ட்டின் காரில் ஒரு பாட்டில் விஸ்கி இருக்கிறது. உள்ளூர்க்காரர்களும் ஐரோப்பியர்களும் ரொம்பவும் இணக்கமாகச் சேர்ந்து குடிக்கிறார்கள். செத்தவன் நூறு கெஜ தூரத்தில் கிடக்கிறான்.

அந்தச் சிறையில் இன பேதம் நிஜமாகவே மறைந்த ஒரே நேரம், விஸ்கி குடித்த அந்த நேரம்தான். சேர்ந்து ஒருவனைக் கொன்றதில் வந்த ஒற்றுமை அது. இனம் தாண்டிய தோழமை என்றாலே நல்லது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை அந்தக் கடைசி வரி நிலைகுலைய வைக்கும். ஆட்சி நடந்ததே இப்படிப்பட்ட தோழமைகளை வைத்துத்தான். வெள்ளைக்காரர்கள் மட்டும் தனியாக நடத்தவில்லை.

1936-இல் அவர் எழுதிய யானைக் கட்டுரை இன்னும் பிரபலம். மௌல்மீனில் மதம் பிடித்த யானை ஒரு கூலித் தொழிலாளியை மிதித்துக் கொல்கிறது. கூட்டம் எதிர்பார்க்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, சுட விருப்பமில்லாத போலீஸ் அதிகாரி யானையைச் சுடுகிறார். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் யானையையும் அதிகாரியின் சங்கடத்தையும்தான் பேசுகிறார்கள். செத்த மனிதன் யார்? கறுத்த திராவிடக் கூலி என்று ஆர்வெல் சொல்கிறார். பிழைப்புக்காக வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போன நம் பக்கத்து ஆள். ஒரு கூலிக்காக யானையைச் சுடுவதா, யானைக்கு அவனைவிட விலை அதிகம் என்று இளம் ஐரோப்பியர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆர்வெல் தன்னைப் பற்றிச் சொல்வது அதைவிடக் கடுமை: அந்தக் கூலி செத்தது தனக்கு ரொம்ப நல்லதாகப் போயிற்று, யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி நியாயம் கிடைத்தது. தன் மனிதத்தன்மை எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று அவரே காட்டிக்கொடுக்கிறார். இந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அதே சமயம் அந்தக் கட்டுரையில் யானையின் சாவுக்குக் கிடைத்த பத்திகள் அந்த மனிதனின் சாவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899-இல் பத்திரிகையில் வந்தது. அவர் 1890-இல் காங்கோவுக்குப் போய்வந்தவர். அப்போது அந்த நாடு பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்து. கதைசொல்லி மார்லோவின் படகை ஓட்டும் ஆப்பிரிக்கச் சுக்கான்காரன் ஈட்டி பாய்ந்து அவன் காலடியிலேயே விழுகிறான். மார்லோவின் ஷூ முழுக்க இரத்தம். சாகும் முன் அவன் பார்த்த பார்வை, தூரத்து உறவுமுறையை உரிமையோடு சொல்லிக் கேட்டது போல இருந்தது என்கிறான் மார்லோ. மறக்க முடியாத இடம்தான். ஆனால் அவன் பார்க்கத்தான் செய்கிறான், பேசுவதில்லை. அந்த நாவலில் ஆப்பிரிக்கர்கள் பேசும் வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1975-இல் மசாசுசெட்ஸில் ஆற்றிய உரையில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே வைத்த குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: ஓர் ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே திரைச்சீலையாக்கி, அங்கே இருந்த மனிதர்களை மனிதர்களாக இல்லாமல் ஆக்கிவிட்டார். கான்ராட் காலனியக் கொள்ளையை வெறுத்தார் என்பதில் சந்தேகமில்லை. கொள்ளையை வெறுப்பதும் கொள்ளை போனவனை உட்கார வைத்துப் பேசவிடுவதும் வேறு வேறு காரியங்கள். இந்த வழக்கில் நான் அச்சேபேயின் பக்கம். அதற்காக அந்த நாவலைப் படிக்காமல் இருக்க வேண்டியதில்லை.

இந்தியாவைப் பற்றி எழுதியவர்களில் ஃபார்ஸ்டர்தான் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டவர். ஓர் ஆங்கிலேயனும் ஓர் இந்தியனும் நண்பர்களாக இருக்க முடியுமா? 1924-இல் வந்த 'எ பேஸேஜ் டு இந்தியா' முழுக்க இந்தக் கேள்விதான். பெரிய காட்சிகளை விட்டுவிட்டு அதில் ஒரு சட்டைப் பொத்தானைப் பாருங்கள். டாக்டர் அஜீஸ் முதன்முதலாக ஃபீல்டிங் என்ற ஆங்கிலேயனின் வீட்டுக்கு வருகிறான். ஃபீல்டிங்கின் காலர் பொத்தான் உடைந்துவிட்டது. தன்னிடம் கூடுதலாக ஒன்று இருப்பதாகச் சொல்லி, தன் காலரிலிருந்தே பிடுங்கி அஜீஸ் கொடுத்துவிடுகிறான். மச்சினன் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த தங்கப் பொத்தான் அது. அரை மணி நேரப் பழக்கம்கூட இல்லை. பிறகு ரோனி என்ற மாஜிஸ்திரேட் வருகிறான். அஜீஸின் காலர் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்கிறான். அழகாக உடுத்தியும் பொத்தான் போட மறந்திருக்கிறான், இந்தியர்களின் அக்கறையின்மை இதுதான், இந்த இனத்தின் குணமே இது என்று அப்புறம் வியாக்கியானம் செய்கிறான். அன்பாகக் கொடுத்த பொருளே இனத்தின் குறைக்குச் சாட்சியாகிவிட்டது. ஃபார்ஸ்டர் இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. இனவாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சின்ன இடத்தில் யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நாவலின் முடிவில் இருவரும் குதிரையில் போகிறார்கள். இப்போதே ஏன் நண்பர்களாக இருக்கக் கூடாது என்கிறான் ஃபீல்டிங். உங்களை எல்லாம் கடலில் தள்ளிவிட்டு அப்புறம் நாம் நண்பர்களாக இருப்போம் என்கிறான் அஜீஸ். குதிரைகள் விலகுகின்றன. மண்ணும் கோயிலும் சிறையும் "இப்போது இல்லை" என்கின்றன, வானம் "அங்கே இல்லை" என்கிறது. பலர் இதை அவநம்பிக்கையான முடிவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் ஆள்பவனாகவும் இன்னொருவன் ஆளப்படுபவனாகவும் இருக்கும்வரை நட்பு முழுமையாகாது என்று ஓர் ஆங்கிலேயர் 1924-இல் ஒப்புக்கொள்வது பெரிய விஷயம். "மனதில் பேதம் இல்லாவிட்டால் போதும்" என்று சொல்லி அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. அஜீஸ் கேட்பது நல்ல மனதை அல்ல, நாட்டை. அதை ஃபார்ஸ்டர் மறைக்காமல் எழுதிவிட்டார்.

லியனார்ட் வூல்ஃபின் 'தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்' தமிழ் வாசகர்களுக்கு அதிகம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். 1904-இலிருந்து 1911 வரை இலங்கை சிவில் சர்வீஸில் இருந்தவர். முதலில் யாழ்ப்பாணம், பிறகு கண்டி, கடைசியாக அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். வேலையை விட்டுவிட்டு 1913-இல் இந்த நாவலை வெளியிட்டார். கதை முழுக்கச் சிங்கள வேட்டைக்காரன் சிலிந்துவும் அவன் இரட்டைப் பெண்களும் அந்த வறண்ட காட்டுக் கிராமத்தின் பட்டினியும்தான். வெள்ளைக்காரன் மையத்தில் இல்லை. ஊர்த் தலைவனும் வட்டிக்காரனும் சேர்ந்து பொய்யாக ஜோடித்த திருட்டு வழக்கில் சிலிந்துவும் மருமகன் பாபுனும் மாட்டுகிறார்கள். நீதிமன்றத்தில் என்ன பேசுகிறார்கள் என்றே சிலிந்துவுக்குப் புரியவில்லை. வெள்ளைக்கார நீதிபதி கெட்டவன் இல்லை. இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவனுக்கே சந்தேகம் தட்டுகிறது. ஆனால் சாட்சியம் சரியாக இருக்கிறது. பாபுன் சிறைக்குப் போகிறான், திரும்பி வருவதே இல்லை.

வூல்ஃப் தானே உட்கார்ந்த நாற்காலி அது. நல்ல எண்ணமுள்ள அதிகாரி, நியாயமான சட்டம், ஒழுங்கான விசாரணை எல்லாம் இருந்தும் ஒரு குடும்பம் அழிவதை அந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் நின்று எழுதியிருக்கிறார். காலனியக் கால ஆங்கில நாவல்களில் இப்படி இடம் மாறி நின்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் ஃபார்ஸ்டரைவிட இவரை ஒரு படி மேலே வைப்பேன், நடையில் ஃபார்ஸ்டர் பெரியவர் என்றாலும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளையர் எழுதியது. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், வெள்ளையனுக்குக் கறுப்பனிடம் மனிதம் தெரிந்ததா என்பது மட்டும்தான் கேள்வி என்பது போல. மறுபக்கத்தில் இருந்தவர்கள் என்ன எழுதினார்கள்?

தாகூரின் 'காபூலிவாலா' 1892-இல் எழுதப்பட்டது. கதை எல்லோருக்கும் தெரியும். கொல்கத்தாவில் உலர்பழம் விற்கும் ஆப்கானியன் ரஹமத், குட்டிப் பெண் மினி, இடையில் அவனுக்குச் சிறைவாசம். விடுதலையாகி வருகிற நாளில் மினிக்குக் கல்யாணம். அவன் மார்புச் சட்டைக்குள்ளிருந்து ஓர் அழுக்குக் காகிதத்தை எடுக்கிறான். அதில் ஒரு பிஞ்சுக் கையின் அச்சு. கையில் கரியைப் பூசி எடுத்தது, ஊரில் இருக்கும் அவன் மகளுடையது. அவன் காபூலி வியாபாரி, தான் வங்காளத்துப் பெரிய வீட்டு மனிதர் என்பது மறந்து, அவனும் ஒரு தகப்பன் நானும் ஒரு தகப்பன் என்று மினியின் அப்பாவுக்கு உறைக்கிறது.

சரி, அப்புறம்? ரஹமத் ஊருக்குப் போய் மகளைப் பார்க்கப் பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்துக்காகக் கல்யாணத்தில் மின்விளக்கு அலங்காரத்தையும் பேண்டு வாத்தியத்தையும் குறைத்துக்கொள்கிறார். வீட்டுப் பெண்களுக்குக் கோபம். இந்த ஒரு கணக்குதான் கதையை வெறும் உருக்கத்திலிருந்து காப்பாற்றுகிறது. குரூசோ ஜூரியிடம் நெகிழ்ந்துவிட்டு அறுபது காசு சம்பாதித்தான். இவர் நெகிழ்ந்துவிட்டு மகள் கல்யாணத்துச் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

'கோரா' 1910-இல் நூலாக வந்தது. இது இன்னும் துணிச்சலான வேலை. கோரா தீவிர ஆசாரக்கார இந்து. வீட்டில் லச்மியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரி இருப்பதால் தாய் ஆனந்தமயியின் அறையில் சாப்பிடக்கூட மாட்டான். கடைசியில் அவனுக்குத் தெரிகிறது, தான் 1857 கலகத்தின்போது பிறந்து அநாதையான ஐரிஷ் குழந்தை. எந்த ஆசாரத்துக்காக உயிரைக் கொடுத்தானோ அதன்படி அவனுக்குக் கோயில் வாசல்கூட இல்லை. அவன் உடைந்துபோகவில்லை, இன்றுதான் நான் பாரதத்தின் மகன் என்கிறான். பிறகு தாயிடம் வந்து, லச்மியாவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான். அந்தத் தண்ணீர் இல்லாமல் அவனுடைய பிரகடனத்துக்கு மதிப்பே இல்லை. இனத்தைத் தாண்டுவதும் சாதியைத் தாண்டுவதும் ஒரே அடியில் நடக்க வேண்டும் என்று தாகூர் வைத்திருக்கிறார்.

சாதியைத் தொட்டுவிட்டதால் முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1935-இல் வந்தது, முன்னுரை ஃபார்ஸ்டர். துப்புரவுத் தொழிலாளி பாகா, ராணுவக் குடியிருப்பில் வெள்ளைச் சிப்பாய்களோடு இருந்தபோது அவர்கள் தன்னை மனிதனாக நடத்தினார்கள் என்று நினைக்கிறான். அவர்களுடைய பழைய உடுப்புகளை ஆசையாக அணிகிறான். தீண்டிவிட்டான் என்று கடைவீதியில் அவனை அறைகிறவன் சொந்த நாட்டுக்காரன். காலனியம் கெட்டது, அதற்கு எதிராக நின்ற நாம் அனைவரும் மனிதத்தின் பக்கம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி இந்த நாவல் குறுக்கே நிற்கிறது. நிறவெறியைக் கண்டிக்கும் ஒவ்வொரு தமிழ் வாசகரும் இதைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சால் பிளாட்ஜே எழுதி 1930-இல் வெளியான 'ம்ஹூடி', கறுப்பின எழுத்தாளர் ஒருவர் அங்கே ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் என்று கருதப்படுகிறது. 1830-களின் கதை. ம்ஹூடியின் கணவனும் ஒரு போயர் (அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்) இளைஞனும் ஒருவர் மொழியை ஒருவர் கற்று நண்பர்களாகிறார்கள். ம்ஹூடி அவ்வளவு சீக்கிரம் மயங்குவதில்லை. போயர்கள் தங்கள் வேலைக்காரியைக் கொடுமைப்படுத்துவதை அவள் கண்ணால் பார்த்தவள். நட்பு நிஜம், கொடுமையும் நிஜம் என்று இரண்டையும் ஒரே நாவலில் வைத்திருக்கிறார். கறுப்பர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர் அவர் என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

நம் பாரதியாரைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்றே வைத்திருந்தேன். 'முரசு' பாட்டில் வரும் பூனைக்குட்டிகள் எல்லோருக்கும் பள்ளியிலேயே தெரியும்.

சாம்பல் நிறமொரு குட்டி - கருஞ்
சாந்து நிறமொரு குட்டி,
பாம்பு நிறமொரு குட்டி - வெள்ளைப்
பாலின் நிறமொரு குட்டி.

எந்த நிறமிருந்தாலும் - அவை
யாவும் ஒரே தரமன்றோ?

குழந்தைப் பாட்டு போலத் தெரிவதால் இதன் கூர்மையை நாம் கவனிப்பதில்லை. நிறத்தை வைத்து உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த காலம் அது. வெள்ளை ஆட்சியிடம் தப்பிப் புதுச்சேரியில் பத்து வருடம் ஒதுங்கி வாழ்ந்த ஒருவர், அந்தக் குட்டிகளில் பால் நிறத்துக்கும் இடம் வைக்கிறார். "வெள்ளையன் தாழ்ந்தவன்" என்று அவர் திருப்பி எழுதவில்லை. தன் கவிதை நூலை அவர் காணிக்கையாக்கியது நிவேதிதா தேவிக்கு. அயர்லாந்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவருக்குக் குரு.

என்னை இன்னும் அதிகம் ஆட்டுவது பெல்ஜியத்துக்கு அவர் எழுதிய வாழ்த்து. 1914-இல் ஜெர்மனி படையெடுத்தபோது அந்தச் சின்ன நாடு எதிர்த்து நின்று வீழ்ந்தது.

முறத்தினால் புலியைத் தாக்கும்
மொய்வரைக் குறப்பெண் போலத்
திறத்தினால் எளியை யாகிச்
செய்கையால் உயர்ந்து நின்றாய்!

ஓர் ஐரோப்பிய நாட்டைப் பாராட்ட அவர் தேடிப் பிடித்த உருவம் மலைக்குறத்தி. முறத்தை எடுத்துப் புலியை அடிக்கிறவள். கிப்ளிங் கமாலைச் சமமாக ஏற்க, கமால் பலசாலியாக இருக்க வேண்டியிருந்தது. பாரதி ஒரு வெள்ளை நாட்டை உறவாக ஏற்பது அது எளியது என்பதால், எளியது எதிர்த்து நின்றது என்பதால். அந்த மரியாதையை அவர் நம் மலையிலிருந்து, அதுவும் சமூகத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு பெண்ணின் உருவத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். இதே பெல்ஜியத்தின் மன்னர் வசம் இருந்த காங்கோவில்தான் கான்ராடின் சுக்கான்காரன் செத்தான் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அடிமை நாட்டில் இருந்த கவிஞன், இன்னொரு கண்டத்து மக்களை அடிமை கொண்டிருந்த ஒரு நாட்டின் துயரத்துக்குக் கண்ணீர் விடுகிறான். இதைக் கவிஞனின் அறியாமை என்று யாராவது சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அடிபட்டவன் யார் என்று பார்த்து அவன் பக்கம் நிற்பது ஒரு பழக்கம். அது அவருக்கு இருந்தது. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காக அழுததும் அந்தப் பழக்கத்தில்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் 'எ ஹாங்கிங்', அன்றைக்கே 'காபூலிவாலா'. இரண்டும் சேர்ந்தே ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் ஆகாது. பிறகு ஃபார்ஸ்டர், அடுத்து வூல்ஃப், இந்த வரிசையில் படித்தால் ஆங்கிலேய அதிகாரி மையத்திலிருந்து ஓரத்துக்கு நகர்வது கண்கூடாகத் தெரியும். 'கோரா'வுக்கு நிதானமான ஒரு மாதம் ஒதுக்குங்கள், தமிழில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. கான்ராடை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். படித்த கையோடு அச்சேபேயின் உரையையும், முடிந்தால் 1958-இல் வந்த அவருடைய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலையும் எடுத்துவிடுங்கள். அந்த நாவலில் ஒக்கோன்கோ பேசுவான், கோபப்படுவான், தப்புச் செய்வான். அவனைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தால்தான், கான்ராடின் படகில் யாரெல்லாம் வாயைத் திறக்கவே இல்லை என்பது தெரியும்.